கத்தியை எடுத்தாச்சு

அந்தக் கல்லூரியில் மேசை நாற்காலி தூக்கிப் போடுகிற வேலை எனக்கு. காலையில் உள்ளே நுழைந்ததும் டீச்சரம்மா கூப்பிட்டார்.

"பொம்மைக்குக் கழுத்து கழண்டுபோச்சு. நீங்க கொஞ்ச நேரம் செத்துப் படுங்க."

கொலை நடந்த மாதிரி அமைத்த அறையில் தடயம் தேடுவது, படம் பிடிப்பது, குறித்து வைப்பது, இதெல்லாம் பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தேர்வு. அதில் ஒருத்தி என் தங்கச்சி மகள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மாமாவா இருந்தா என்ன? பொணம் பேசக்கூடாது, அவ்வளவுதான்."

போன தடவை அவள் தேறவில்லை. இந்தத் தடவையும் போனால் படிப்பை விட்டு வெளியே வரவேண்டியதுதான். கண்ணில் பட்டால் பதறுவாளே என்று நான் ஒதுங்கி ஒதுங்கிப் போவேன். இப்போது அவள் காலடியிலேயே கிடக்கிறேன்.

கவிழ்ந்த நாற்காலி, கொட்டின தேநீர், என் சட்டையில் சிவப்புச் சாயம். கண்ணை மூடிக்கொண்டேன். கதவு திறந்தது.

"ஐயோ, மாமா!"

"மாமா இல்ல, பொணம். வேலையைப் பாரு" என்றான் கேமரா பிடித்திருந்த நெட்டையன்.

கூட வந்தவன் ஒரு கண்ணாடிக்காரன். பொருளை எடுத்து உறையில் போடுவது அவன் வேலை. என் தங்கச்சி மகள்தான் மூன்று பேருக்கும் தலைவி.

"மொதல்ல படம். அப்புறம்தான் எதையும் தொடணும்" என்றாள்.

சுற்றிச் சுற்றி வந்தார்கள். என் முழங்கையில் நீளமாக, சில்லென்று ஏதோ பட்டது. கத்தி இங்கேதான் கிடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"கத்தியை எடுத்தாச்சா?" சுவர்ப்பக்கம் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எடுத்தாச்சு" என்றான் கண்ணாடிக்காரன்.

கொஞ்ச நேரம் கழித்து நெட்டையன், "கத்தி எங்கடா?" என்றான்.

"அதான் எடுத்தாச்சே."

"நான் எடுக்கலையே."

"நான் எடுத்தேன்டா."

"கேமரா என்கிட்ட இருக்கு, நீ எதுல எடுத்த?"

"கையில."



"அவ படத்தைக் கேட்டாடா, மடையா!"

"எடுத்தாச்சான்னுதான கேட்டா? படம்னு எங்க சொன்னா?"

எனக்கே குழம்பிப்போயிற்று. யார் எதை எடுத்தது, எதை எடுக்கவில்லை?

"எந்த இடத்துல கிடந்துச்சு?" என்றாள் அவள்.

"நாலஞ்சு பொருளை ஒண்ணா அள்ளினேன். ஞாபகம் இல்லை."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மனசு கேட்கவில்லை எனக்கு. உதட்டை அசைக்காமல், "முழங்கைகிட்ட, கண்ணு" என்றேன்.

"பொணமே சொல்லிடுச்சு! வைடா அங்க" என்றான் நெட்டையன். கண்ணாடிக்காரன் வைத்தான். கேமரா சொடுக்குகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"வேணாம்" என்றாள். "நாம வச்சு எடுத்தா, நாம வச்சதுதான் படத்துல இருக்கும்."

"உனக்குத் தேற வேணாமா?"

"வேணும்டா."

'படம் எடுக்கும் முன்பே கத்தி அகற்றப்பட்டது. கிடந்த இடம் தெரியவில்லை.' வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பைத்தியமா இவளுக்கு என்று இருந்தது. சொல்லிக் கொடுத்த பிறகும் தெரியவில்லை என்று எழுதுகிறாளே!

டீச்சரம்மா வந்து படித்தார். "அப்புறம் இங்க ஏன் கத்தி?"

"பொணம் சொல்லுச்சு, மேடம்" என்றான் கண்ணாடிக்காரன்.

"இவர் முழங்கையில பட்டது நீங்க அளக்க வச்ச ஸ்கேல்." தன் போனைக் காட்டினார். பிள்ளைகள் வரும் முன்பே அவர் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அதில் கத்தி நாற்காலிக்கு அடியில் கிடந்தது.



"கத்திக்கான மார்க் பூரா போச்சு. ஆனா இதை எழுதாம, அங்க வச்சுப் படம் எடுத்திருந்தா நீ தேறியிருக்க மாட்ட."

அதை மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எழுதிவிட்டாள். படம் எடுக்கவில்லை. தேறியிருக்க மாட்டாள் என்றால்?

படுத்தபடியே கேட்டேன். "அப்ப தேறிட்டாளா, தேறலையாம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. என் தங்கச்சி மகளும் அதே கேள்வியோடுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தேறிட்டா. நூலிழையில. நீங்க எழுந்திரிங்க."

எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. அவள் என் காலைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள்.

"நல்லா எடம் சொன்னீங்க மாமா, நல்லா சொன்னீங்க!"

திட்டுகிறாளா, அழுகிறாளா என்று கடைசி வரை விளங்கவில்லை.