பையில் ஏறிய தண்ணீர்

தாகம் என்று கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்காதவளை உலகத்தில் யாரும் நல்லவள் என்று சொன்னதில்லை. கேட்டவன் கட்டிய புருஷனாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். புருஷன் வீட்டில் அவளுக்கு ஏற்கனவே ஒரு பட்டப்பெயர் இருந்தது. ரூல்ஸ். ஹார்டுவேர் கடையில் கல்லாவில் உட்காருகிறவள், கைப்பிடி ஆணி வாங்கினாலும் பில் போடாமல் விடமாட்டாள், வீட்டிலும் அதே கெடுபிடிதான் என்று நாத்தனார் வைத்த பெயர் அது. சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள், அதனால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

புருஷன் பஸ் ஓட்டுகிறவன். வயிற்று வலி தாங்காமல் வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்றைக்கே வயிற்றைத் திறந்து, குடலில் கெட்டுப்போன ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குள் போனது. வயிற்றில் ஊறுகிற பச்சை நிறத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கட்டிலோரம் தொங்கிய பையில் வந்து சேரும். தைத்த குடல் அசைய ஆரம்பித்தால் பையில் சேருவது குறையும். குறைந்ததும் குழாயை எடுத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். அதுவரை ஒரு மடக்குகூட உள்ளே போகக் கூடாது. உடம்புக்கு வேண்டிய தண்ணீர் கை நரம்பில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது நாக்குக்குத் தெரிந்தால்தானே.

"குடல் வேலை செய்யுதுன்னு நமக்கு எப்படி சிஸ்டர் தெரியும்?" என்று அவள் நர்ஸைக் கேட்டாள்.

"காத்து பிரியணும்மா. பிரிஞ்சதும் எங்கிட்ட சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சத்தத்துக்காக அவனைத் திட்டிக்கொண்டிருந்தாளோ, அந்தச் சத்தத்துக்காக இப்போது காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூக்கில் குழாய் இருந்ததால் அவன் வாயால்தான் மூச்சு விட்டான். வாய் காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, 'தண்ணி' என்கிற வார்த்தையே பிய்ந்து பிய்ந்து வந்தது. நர்ஸ் ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற காஸ் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி அதில் போட்டு, வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். துணியை எடுத்து, சொட்டு விழாதபடி பிழிந்து, முதலில் உதடு, அப்புறம் கன்னத்தின் உள்பக்கம், ஈறு, கடைசியில் நாக்கு. உள்ளேயிருந்து வெளியே துடைக்க வேண்டும். பிறகு ஸ்பிரே பாட்டிலால் பூத்தூறலாக ஒரு முறை. உதட்டில் வாஸ்லின். காய ஆரம்பிக்கும் முன்பே மறுபடி முதலிலிருந்து.

அவள் அதை ஒரு தவம் போலச் செய்தாள். நாக்கைப் பார்த்தே எப்போது துணி வேண்டும், எப்போது ஸ்பிரே போதும் என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் ஈரம் பட்டால் தாகம் அடங்குமா, முதலில் இன்னும் கிளம்பும். அவன் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றான். "ஒரே ஒரு வாய் குடு, உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன்" என்றான். கெஞ்சினான், கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அவன் கண் அசந்ததும் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

நாத்தனார் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தாள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அந்த அம்மாளுக்குச் சதையோடு நாக்கும் சேர்ந்து ஆடும்.

"ஒரு வாய்த் தண்ணிக்கு என் தம்பியைப் பிச்சை எடுக்க வெக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"டாக்டர் சொன்னதுங்க அண்ணி. தையல் விட்டுடும்."

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு. கல்லுக்குக்கூட ஈரம் உண்டு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போய்க் குளிச்சிட்டு வா. மத்தியானத்துல நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து மத்தியானம் நாத்தனார் முறை. ஆச்சரியம் என்னவென்றால் புருஷன் அடங்கிவிட்டான். தண்ணி தண்ணி என்று கத்துவதில்லை. துணியால் துடைத்தால் நல்ல பிள்ளையாக வாயைத் திறந்து காட்டினான். நர்ஸே பாராட்டினாள். எதிர்க் கட்டில்காரனின் அம்மாவை அழைத்து வந்து, "இவங்க எப்படித் துடைக்கிறாங்கன்னு பாத்துக்கங்க" என்று காட்டினாள். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தன் கை பட்டுத்தான் அவன் தாகம் அடங்கியது என்று மனசார நம்பினாள். பைத்தியக்காரி.

எல்லாம் சரி, பை மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் டாக்டர் வந்து பையைத் தூக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிடாமல் கட்டிலருகிலேயே சொன்னார்.

"இந்நேரம் குறைஞ்சிருக்கணும். தைச்ச இடத்துல அடைப்பு இருக்குமோன்னு பயமா இருக்கு. இன்னிக்கு மறுபடி திறந்து பார்த்துடலாம். இந்த உடம்புக்கு ரெண்டாவது தடவை கொஞ்சம் ரிஸ்க்தான். வேற வழி தெரியல."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தில் வாயடைத்துப்போயிருக்கிறான் என்று நினைத்து அவன் காலைத் தடவிக்கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு வேண்டிய மருந்தையெல்லாம் கீழே போய் வாங்கி வரச் சொன்னார்கள். முறை இல்லாத நேரத்திலேயே நாத்தனாரும் வந்து சேர்ந்துவிட்டாள். அவளை உட்கார வைத்துவிட்டு ஓடியவள், மருந்துக்கடை வாசலில் நின்றபோதுதான் சீட்டைக் கட்டில் பக்கத்து அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது.

"சீக்கிரம் குடி தம்பி. ரூல்ஸ் வந்துடப்போவுது."

"அது இப்ப எங்கக்கா வரும். வாங்கின மருந்துல எல்லாம் தேதி படிச்சுப் பாத்துட்டுத்தான் கடையை விட்டு நகரும்."

இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். அவள் திரையை விலக்கினாள். அவன் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, பிளாஸ்க் மூடியில் வாயை வைத்திருந்தான். மூக்குக் குழாயில் தெளிந்த தண்ணீர் வளைந்து இறங்கி, எந்த அவசரமும் இல்லாமல் பைக்குள் போனது.

"எத்தனை நாளா அண்ணி இது?"

நாத்தனார் ஒரு நிமிஷம் தடுமாறினாள். ஆனால் ஒரு நிமிஷம்தான். "வாய் நனையக் குடுத்தேன். உள்ள தங்கினாத்தானே தப்பு? போனது போனபடியே குழாய் வழியா வெளிய வந்துடுது. நீயே பாரேன்."

"அந்தப் பையைப் பாத்துத்தான் அண்ணி அவரை மறுபடி கிழிக்கணும்னு சொல்றாங்க."

"ஐயோ, அது எனக்கு எப்படித் தெரியும்" என்றவளின் முகம் நிஜமாகவே வெளுத்தது. தண்ணீர் உள்ளே தங்காமல் வந்துவிடுகிறது, ஆகவே கொடுக்காத மாதிரிதான் என்று அக்காவும் தம்பியும் கூடிக் கண்டுபிடித்த கணக்கு அவர்களுக்குச் சரியாகவே இருந்தது. அந்தப் பையை வைத்துத்தான் டாக்டரும் கணக்குப் போடுகிறார் என்பதுதான் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. ஆனால் இன்று காலையில் டாக்டர் அதைக் காதுபடச் சொன்னாரே.

"நீங்க முழிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க?" என்று அவள் புருஷனைக் கேட்டாள்.

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்று அவன் முணுமுணுத்தான். "நீ போய்ச் சொல்லி வெக்காத. அக்காவை உள்ள விட மாட்டாங்க."

தன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டி, தன் கைராசியில் தாகம் அடங்கியதாக நம்பவும் வைத்து, முதுகுக்குப் பின்னால் 'அது' என்று சிரித்திருக்கிறார்கள். நெஞ்சு எரிந்தது. ஆனால் எரிச்சலை ஆற்றிக்கொண்டு நிற்க நேரமில்லை, ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நர்ஸிடம், "அவர் தண்ணி குடிச்சிருக்காரு சிஸ்டர், பைல இருக்கிறது தண்ணி" என்றாள்.

டாக்டர் வந்தார். அதற்குள் பிளாஸ்க் நாத்தனாரின் கூடைக்குள் போய்விட்டிருந்தது.

"யார் குடுத்தது?"

"என் தம்பிமேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் நாத்தனார், கேட்கும் முன்பே.

டாக்டர் அவன் பக்கம் குனிந்தார். "நீங்க சொல்லுங்க. குடிச்சீங்களா, இல்லையா?"

"குடிச்சேன் டாக்டர்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"யார் குடுத்தாங்க?"

அவன் அக்காவைப் பார்த்தான். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தான். "இவதான். நான் ரொம்பக் கெஞ்சினேன், மனசு கேக்காம குடுத்துட்டா."

அவள் "நான் இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டர் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாத்தானாம்மா? ஆபரேஷனுக்குப் பயந்துக்கிட்டு இப்படிச் சொல்றவங்க உண்டு. ஆளுக்கு ஒண்ணு சொன்னீங்கன்னா நான் எதையும் நம்ப முடியாது, உள்ள கொண்டுபோகத்தான் வேணும். நீங்க குடுத்தீங்களா?"

இல்லை என்றால் அவன் பயத்தில் பொய் சொல்கிறான் என்றாகிவிடும். அண்ணி கொடுத்தாள் என்றால் அண்ணி மறுபடி சத்தியம் செய்வாள், தம்பியும் ஒத்து ஊதுவான், மூன்று பேர் மூன்று கதை என்று டாக்டர் கத்தியை எடுப்பார். திறந்தால் பிழைப்பானோ மாட்டானோ. அதைத்தான் அவள் யோசித்தாள், வேறு எதையும் யோசிக்கவில்லை.

"ஆமா டாக்டர். நான்தான் குடுத்தேன்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

கொடுக்காதவளுக்கு அளவு எப்படித் தெரியும். டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாத்தனார் தன் கூடையைக் காட்டி, கையை விரித்து மேலே தூக்கி, முழுசாக என்று ஜாடை காட்டினாள்.

"ஒரு பிளாஸ்க் தண்ணி டாக்டர். முழுசா."

அப்புறம் அவள் வாங்கிய வசவு அந்த வார்டு முழுவதும் கேட்டது. படித்த பெண் மாதிரி இருக்கிறாயே, கொலைகாரி ஆகியிருப்பாயே என்றார் டாக்டர். எதிர்க் கட்டில்காரனின் அம்மா, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஆபரேஷன் நின்றது. குழாயை அப்படியே விட்டு ஒரு நாள் பார்க்கலாம் என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொன்னவன் இந்த வார்டில்தான் படுத்திருந்தானோ என்னவோ.

நர்ஸ் அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி நாத்தனாரிடம் கொடுத்தாள். "நீங்க பெரியவங்க, கூட இருங்க. இவங்களுக்கு மனசு இளகிடுது, சரிப்படாது. இவங்க சாயங்காலம் பாக்கற நேரத்துல வந்துட்டுப் போகட்டும்."

"துணியை எப்படிம்மா பிழியணும்?" என்று நாத்தனார் கேட்டாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியாது, இத்தனை நாளில் அவசியமே வரவில்லையே.

"அவங்களையே காட்டச் சொல்லுங்க" என்று நர்ஸ் போய்விட்டாள். அவள் காட்டினாள். சொட்டு விழாதபடி பிழிந்து, உதடு, கன்னம், ஈறு, நாக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்தான்.

பை குறைந்தது. காற்றும் பிரிந்தது. அந்த நல்ல சேதியை நாத்தனார் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னாள். குழாயை எடுத்தார்கள், முதல் வாய்த் தண்ணீரை அக்காவே ஸ்பூனில் கொடுத்தாள். சாயங்காலம் அவள் வந்தபோது கட்டிலைச் சுற்றி உறவுக் கூட்டம். ரூல்ஸ் போய் ரூல்ஸை மீறி அவனைச் சாகடிக்கப் பார்த்த கதையை நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்தாள், "பாசம் கண்ணை மறைச்சிடுச்சு, பாவம்" என்று முடிவில் பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டாள். தலையணையில் சாய்ந்திருந்த புருஷன் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கூட்டம் காபி குடிக்க வெளியே போனதும் அவள் கட்டிலருகே நின்றாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சலாகவே சொன்னான். "அக்காவை நாலு பேர் முன்னால திட்டினா அவ தாங்க மாட்டா. நீன்னா தாங்கிப்ப. அந்த நம்பிக்கையிலதான் சொன்னேன்."

அதைப் பாராட்டாக நினைத்துத்தான் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது. கோபத்தில் சொல்லியிருந்தால், பயத்தில் சொல்லியிருந்தால் மன்னித்துத் தொலைத்திருப்பாள். யோசித்து, எடை போட்டு, எதைத் தூக்கி எறியலாம் என்று பார்த்து எறிந்திருக்கிறான்.

"உங்களை மறுபடி கிழிச்சிடக் கூடாதுன்னு நான் ஒத்துக்கிட்டேன். அதோட அந்த அவசரம் முடிஞ்சிடுச்சு. எல்லாரும் வெளியதான் நிக்கிறாங்க, கூப்பிடறேன். நடந்ததை நீங்களே சொல்லிடுங்க."

அவன் கதவைப் பார்த்தான். அப்புறம் நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு, "நாக்கு ஒட்டுதுடி. பேச வரல. கொஞ்சம் தண்ணி குடு, அப்புறம் பாக்கலாம்" என்றான்.

அவள் குனிந்து அவன் வாயைப் பார்த்தாள். நாக்கு சிவந்து, ஈரமாக, நன்றாக இருந்தது.

"உங்க வாய் காயலீங்க. இத்தனை நாள் துடைச்சவளுக்குத் தெரியாதா."

தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள். பார்க்கும் நேரம் முடிய இன்னும் நேரமிருந்தது. அவள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, காபி குடித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.