ராயபுரத்து மெயில், வியாசர்பாடித் திரை

மூன்று கம்ப்யூட்டர்கள் ஏற்கெனவே போலீஸ் வேனில் ஏறிவிட்டன. நான்காவதில் கான்ஸ்டபிள் கை வைத்தபோதுதான் யசோதரா ஸ்கூட்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, வியாசர்பாடி எம்.கே.பி. நகர் பிரவுசிங் சென்டருக்குள் பாய்ந்தாள்.

"நான் ஒண்ணியும் பண்லக்கா!" கடைக்காரன் டில்லிபாபுவின் குரல் உடைந்திருந்தது. "என் மெயிலைத்தான் தொறந்தேன். இவரு லெட்டருங்க வந்து நிக்குது. பாவம், பேஜாராயிடப் போறாருன்னு நானே போன் போட்டுச் சொன்னா, என்னையே திருடன்றாங்க!"

'இவர்', ராயபுரம் கிளியரிங் ஏஜென்ட் வேதமாணிக்கம். துறைமுகத்தில் எந்தச் சரக்கு யாருக்குப் போகிறது என்பதெல்லாம் அவர் மெயிலில்தான் இருந்தது. அவர் பக்கத்தில், வடசென்னைக்கு கேபிளில் இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் தண்டபாணி. யசோதரா அவரிடம்தான் இன்ஜினீயர்.

"ஹேக்கிங்தான் இன்ஸ்பெக்டர் சார். ஏரியா அப்படி" என்றார் தண்டபாணி.

யசோதராவுக்குக் காது மடல் சுட்டது. இதே ஏரியாவின் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

"போன வாரம் நம்ம நெட்வொர்க்ல கேஷ் சர்வர் வெச்சோமே, அதைச் சொன்னீங்களா சார்?"

தண்டபாணி இருமினார்.

"அது என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒருத்தர் கேக்குற பக்கத்தை நகல் எடுத்து வெச்சுக்கும் சார். கொஞ்ச நேரத்துக்குள்ள வேற யார் அதே பக்கத்தைக் கேட்டாலும் அந்த நகலையே நீட்டும். வேகம் கூடும், கம்பெனிக்குச் செலவு மிச்சம். நடுவுல இப்படி ஒண்ணு உக்காந்திருக்குன்னு வாடிக்கையாளருக்கே தெரியாது. செய்தி, படம்னா சரி. மெயில் பக்கத்துக்கு எல்லாருக்கும் ஒரே முகவரி, ஒருத்தர் லெட்டரை எடுத்து அடுத்தவருக்கு நீட்டிடும். அதனாலதான் 'இதை நகல் எடுக்காதே'ன்னு மெயில் கம்பெனிக்காரன் குறிப்பு போட்டே அனுப்புறான். அந்தக் குறிப்பை மதிக்காதேன்னு இவர் உத்தரவு. வேணாம்னு எவ்வளவோ முட்டிக்கிட்டேன்!"

"கதை!" சீறினார் தண்டபாணி.

"கதைன்னா உங்க மெயிலை இங்க தொறங்க. அடுத்த மெஷின்ல வேதமாணிக்கம் சார் அவர் மெயிலைத் தொறக்கட்டும்."

தண்டபாணி நகரவில்லை. கைக்குட்டை வெளியே வந்தது. இன்ஸ்பெக்டரின் பார்வை அந்தக் கைக்குட்டை மேலேயே நின்றது.

"சரி, என்னுதைத் தொறக்கிறேன்." யசோதராவின் மெயிலும் வேதமாணிக்கத்தின் மெயில் இருக்கும் அதே தளத்தில்தான். திறந்தாள். அடுத்த நாற்காலியில் வேதமாணிக்கம் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினார்.

திரையில் வந்த பெயர், யசோதரா. அதற்குக் கீழே, பெங்களூர் கம்பெனி ஒன்று அவளை இன்டர்வியூவுக்கு அழைத்த கடிதம்.

அத்தனை பேரும் படித்தார்கள்.

"ஓகோ, வேற வேலை தேடுறியா?" என்றார் தண்டபாணி.

"ஆமா. கூசுது சார், என் லெட்டரை இத்தனை பேர் படிக்கிறப்போ. ஊர்ல எத்தனை பேருக்கு இதைப் பண்ணிவெச்சோம்?"

டில்லிபாபு வேதமாணிக்கத்தைக் காட்டினான். "இன்னா சார், அக்கா மெயிலு இவரு மெஷின்ல கீது. இவரையும் வேன்ல ஏத்துவீங்களா?"

வேதமாணிக்கம் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. மேனேஜர் பக்கம் திரும்பினார். "யோவ்! ஒரு வாரமா என் தொழிலைத் தெருவுல கடை விரிச்சது நீயா? நான் இந்தப் பையனைப் போய்..."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம், "இறக்குய்யா எல்லாத்தையும்" என்றார்.

"அவரு ஏன் சார் தூக்கணும்?" டில்லிபாபு வழியை மறித்தான். "தப்பு பண்ணவரு தூக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் தண்டபாணியைப் பார்த்து வேன் பக்கம் முகவாயை நீட்டினார், அவ்வளவுதான்.

யசோதரா கடை போனில் கம்பெனி கன்ட்ரோல் ரூமை அழைத்தாள். "வரலட்சுமி, கேஷ் சர்வரை நிறுத்து. இப்பவே. என்னது, மேனேஜர்கிட்ட கேக்கணுமா? அவர் பேச முடியாது. மானிட்டர் தூக்கிட்டு இருக்காரு."