புகை போக வழி

கராஜின் பரண் வாய் இரண்டு அங்குலம் குறைச்சல். அறுபது கிலோ இரும்புப் பெட்டியைத் தோளில் தாங்கி ஏணியின் நடுப்படியில் நின்றபோதுதான் பெனோவுக்கு அது தெரிந்தது. கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த உதவியாள் சோலையப்பன், "ஏத்தவா எறக்கவா, சட்டுனு சொல்லுப்பா. இடுப்பு கழண்டுரும்" என்றார்.

இறக்கினார்கள். வாயை அறுத்து அகலப்படுத்தி மறுபடி ஏற்றி முடிக்கையில் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

பெனோ பதினோரு வருஷமாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வீட்டைச் சூடாக்கும் வேலை அவனுக்கு இதுதான் முதல் தடவை. ராஸ் அல் கைமா மலைமேல் ஜனவரிக் காற்றில் விரல்கள் மரத்து, திருகாணி நழுவி நழுவி விழுந்தது. இந்த வில்லாவின் மேடம் வெளிநாட்டில் எங்கோ பார்த்த இந்த கேஸ் ஹீட்டர் பெட்டியைக் கப்பலில் வரவழைத்திருந்தாள். அதோடு வந்த புத்தகத்தை பெனோ தொழிலாளர் கேம்பில் மூன்று நாள் உட்கார்ந்து படித்திருந்தான்.

புகைக்குழாய்க்காக கராஜின் முன்சுவரில் இடம் குறித்தான். மேடம் வந்து பார்த்தாள். விலை கொடுத்து ஒட்டிய கல், அதில் வெள்ளைக் குழாய் துருத்திக்கொண்டு நிற்பதா என்றாள். கூரை வழியாக விடலாமா என்று கேட்டான். ஓடுகளைத் தொட்டால் மழைக்கு ஒழுகும் என்றாள். பெனோ ஆபீசில் இருந்த சூப்பர்வைசர் பாலகுருவுக்கு போன் போட்டான்.

"பரணுக்குள்ளயே விட்டுட்டு வா பெனோ. அவ்வளவு பெரிய பரண்தானே."

"சார், அது எரிஞ்ச கேஸாக்கும். மணம் கெடையாது, நெறம் கெடையாது. உறங்கினவன் எந்திரிக்க மாட்டான். பரணுக்குக் கீழ வேலைக்காரப் பொண்ணு ரூம் இருக்கு."

"வெள்ளிக்கிழமை அவங்களுக்கு கெஸ்ட் வராங்க. இன்னிக்கு வேலைய முடிச்சாகணும். உன் லீவு ஃபாரம் இன்னும் என் டேபிள்லதான் கெடக்கு, ஞாபகம் வச்சுக்க."

மகள் ஷாஜினி ஊர்க் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காகக் கேட்ட லீவு அது.

"பரணுக்குள்ள விடமாட்டேன். வேற ஆள அனுப்புங்க" என்று போனை வைத்தான்.

"உன் வாய் இருக்கே..." என்று சோலையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அரைமணி நேரத்தில் மேடமும் பாலகுருவும் போனிலேயே பேசி முடித்தார்கள். பின்சுவரில் விடலாம், அங்கே யார் பார்க்கப்போகிறார்கள். கராஜின் பின்சுவர் மொத்தம் எட்டடி அகலம். அதன் நடுவில் ஒரே ஒரு சன்னல், வீட்டுவேலை செய்யும் சரோஜாவின் அறைக்கு உரியது. குழாயை எங்கே விட்டாலும் சன்னலுக்குப் பக்கத்தில்தான் புகை வரும்.

பெனோ தனக்குத் தெரிந்த ஹிந்தியில் மேடமிடம் எடுத்துச் சொன்னான். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் தெளிந்து, "அப்படியென்றால் சன்னலை அடைத்துவிடு. கலாஸ், வேலை முடிந்தது" என்று உள்ளே போனாள்.

பெனோ ஸ்பானரைத் தரையில் வீசினான். "எட்டு ரூம் சும்மா கெடக்கு இந்த வீட்டுல. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போவும்?"

டீ கொண்டுவந்த சரோஜா வாசலிலேயே நின்றுவிட்டாள். "சூடு என் ரூமுக்கும் வருமாண்ணே?"

சூட்டுக்குழாய்கள் போகும் வரைபடத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. "இல்ல பிள்ளே. வேற ரூம் கேட்டுப் பாரேன்."

"போன மாசந்தான் கம்பளி கேட்டேன். அதுக்கே ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாங்க."

குழாயை ஆனமட்டும் சுவரின் ஓரத்துக்குத் தள்ளி, வாயைச் சன்னலுக்கு எதிர்ப்பக்கமாக வளைத்து முடித்தான். ஹீட்டர் முதல் முயற்சியிலேயே பற்றிக்கொண்டது. ஹாலில் வெதுவெதுப்பு பரவியது. மேடத்தின் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றிச் சோபாவில் எறிந்தார்கள். பெனோவின் போனில் பாலகுருவின் செய்தி வந்தது: லீவு ஓகே.

சன்னல்தான் பாக்கி. சோலையப்பன் வேனில் சாமான் ஏற்றப் போயிருந்தார். சரோஜாவின் அறையில் கட்டில் போக ஒரு ஆள் நிற்கத்தான் இடம். பெனோ ஓரங்களில் சிலிக்கோன் பசையைப் பிதுக்கி ஒட்டுப்பலகையைத் தூக்கி வைத்தான். டிரில்லை எடுக்கக் கை போதவில்லை. பலகை சரிந்தது.

சரோஜா கட்டில்மேல் ஏறி நின்று இரண்டு கைகளாலும் அதைச் சன்னலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். விளிம்பில் கசிந்த கடைசிக் கோடு வெளிச்சமும் அணைந்தது.

"நேரா இருக்காண்ணே?" என்று இருட்டில் கேட்டாள்.