அப்பாவின் ரொட்டியில் உப்பு இல்லை

அந்த வீட்டில் நாலு பேர், மூன்று வகை ரொட்டி. கண்ணாடிக்காரனின் மனைவிக்குக் கோதுமை ஆகாது. ஒரு வாய் உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதால் உப்பு ஆகாது. கண்ணாடிக்காரனுக்கு எல்லாம் ஆகும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நாள் முழுக்க வில்லை தேய்க்கிற அவன், பசி வந்துவிட்டால் எதைக் கொடுத்தாலும் தின்பான். இத்தனை பேருக்கும் வீட்டிலேயே ரொட்டி சுட்டுப் போட்டவள் அம்மா.

சமையலறை அவளுடைய ஆட்சி. விடிந்ததும் முதலில் மருமகளின் ரொட்டி. அரிசி மாவு, மரவள்ளி மாவு, ஒட்டிக்கொள்ள இசப்கோல் உமி. அது பிசைகிற மாவே இல்லை. கூழ் மாதிரி இருக்கும், கரண்டியால் வழித்து அச்சில் ஊற்ற வேண்டும். அது அடுப்புக்குள் போய்க் கதவு சாத்தும்வரை மைதா டப்பாவை ஒருத்தரும் தொடக்கூடாது. ஒருமுறை கண்ணாடிக்காரன் சும்மா மூடியைத் திறந்துவிட்டான். “டேய், கையை எடு. மாவு பறந்து அதுல விழுந்தா ராத்திரியெல்லாம் அவ வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. நீயா கூட உக்காருவே? குறட்டை விட்டுத் தூங்குவே” என்று பிடித்துக்கொண்டாள். மருமகளுக்கு அன்று உள்ளூரச் சந்தோஷம்.

ஆனால் அம்மாவை அழவைத்தது அப்பாவின் ரொட்டிதான். உப்பு வெறும் ருசிக்கு என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை உப்பில்லாமல் மாவு பிசைந்து பார்க்க வேண்டும். ஈஸ்டுக்குக் கடிவாளமே உப்புதான். அது இல்லாவிட்டால் மாவு பொங்குகிற பால் மாதிரி மளமளவென்று எழும்பி, நாம் திரும்புவதற்குள் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும். முதலில் வந்ததெல்லாம் மிதிபட்ட தொப்பிகள். அவளா விடுகிறவள்? ஈஸ்டைப் பாதியாகக் குறைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பதில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். முழுசாக எழும்பக் காத்திருக்காமல் முக்காலிலேயே அடுப்பில் தள்ளினாள். வறுத்த பூண்டைச் சேர்த்துப் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்து பார்த்தாள். உலகமே பழுப்பு ரொட்டி நல்லது என்று ஓதிக்கொண்டிருக்க, இந்த நோய்க்கு மட்டும் வெள்ளை மைதாதான் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, “உங்க உடம்பும் உங்களை மாதிரியே ஏறுக்கு மாறு” என்று அப்பாவைச் சீண்டினாள். கடைசியில் ஒரு நாள் உச்சி குழியாமல் ஒன்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அதை அறுத்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; லிஃப்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் முன்னால் கைகட்டி நின்றே காலம் தள்ளியவர். அவள் கத்தியோடு முன்னால் நிற்க, ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

“பஞ்சு மாதிரி இருக்கு, இன்ஸ்பெக்டரம்மா” என்றார்.

அம்மாவுக்குப் பூரிப்பு. அவள் உள்ளே போனதும் மகன் பக்கம் சாய்ந்து, “ருசியும் பஞ்சுதான்டா” என்றார். இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

அந்த ரொட்டியைத்தான் அவர் வருஷக்கணக்காகத் தின்றார். நாக்கு செத்துப்போச்சு என்று முனகுவாரே தவிர, தட்டில் மிச்சம் வைத்ததில்லை.

பிறகு இருதயமும் தளர்ந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்று, அம்மா துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா கண்ணாடிக்காரனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “இனிமே டயாலிசிஸ் ஆரம்பிச்சாலும் அவர் உடம்பு தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உப்பு, தண்ணின்னு அவரைப் பாடாப் படுத்த வேணாம். வாய்க்கு எது பிடிக்குதோ, அதைக் குடுங்க. அம்மாகிட்ட நான் பேசட்டுமா?”

“நானே சொல்லிக்கிறேன் டாக்டர்” என்றான்.

அவன் சொல்லவில்லை. காரில் வரும்போது சொல்லலாம் என்று நினைத்தான். அப்பா கூட இருந்தார். வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்தான். அம்மா வந்ததும் வராததுமாக மைதாவைச் சலிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த மாவுதான் அவளை நிற்க வைத்திருக்கிறது, இதைச் சொன்னால் அப்படியே சரிந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். எல்லாம் சப்பைக்கட்டு. அம்மா அழுதால் அவனுக்குத் தாங்காது, அவ்வளவுதான் விஷயம். மனைவியிடம் மட்டும் சொன்னான்.

“அத்தைகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க” என்றாள் அவள். “மாமாவுக்கு ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுக்கட்டும். அவங்களுக்கும் அது ஒரு ஆறுதல்.”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நான் சொல்லட்டுமா?”

“நீ வாயைத் திறக்காதே. எங்க அம்மாவை எனக்குத் தெரியும்.”

பெரிதாகத் தெரிந்துவிட்டது இவனுக்கு.

ஒருநாள் கடையிலிருந்து வரும்போது வெண்ணெய் தடவிய பன் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தான். அம்மா குளிக்கப் போயிருந்தாள். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் குளியலறைக் கதவு திறந்துவிட்டது. ஈரத்தலையோடு வந்த அம்மா அதைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

“பெத்த அப்பனுக்கு விஷம் வாங்கிட்டு வந்திருக்கியாடா?”

“ஒரே ஒரு வாய்தானேம்மா…”

“ஒரு வாய்! நான் இங்க கண்ணுல விளக்கெண்ணெயை விட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன், நீ கடைப் பன்னைக் கொண்டாந்து ஊட்டுறியா?”

“அவனை விடு. நான்தான் கேட்டேன்” என்றார் அப்பா. அவர் கேட்கவே இல்லை.

அம்மா பன்னைக் குப்பைத்தொட்டியில் போட்டு, யாரும் எடுத்துவிடாதபடி அதன் மேல் தேயிலைச் சக்கையைக் கொட்டினாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வார்த்தை தொண்டைவரை வந்தது. கண்ணாடிக்காரன் அதை மென்று விழுங்கிவிட்டுக் கைகழுவப் போனான்.

அடுத்த மாதம் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே, தொந்தரவில்லாமல். வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்க முடியாது” என்றார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கையை உருவிக்கொண்டாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டான் மகன்.

வீடு அடங்கிய பிறகு அவள் மறுபடியும் அடுப்பு மூட்டினாள். மருமகளின் ரொட்டி, மகனின் ரொட்டி, அப்புறம் உப்பில்லாத ரொட்டி. அதை அவள் தின்றாள். அப்பாவின் ஞாபகமாகத் தின்கிறாள் என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. மனைவிதான் கவனித்தாள்: ரொட்டி மட்டுமல்ல, அத்தை தன் தட்டில் விழுகிற எதிலுமே உப்புச் சேர்ப்பதில்லை. சூப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குத்தான் உப்புப் போடுகிறாள். ஆள் வேறு இளைத்துக்கொண்டே போகிறாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவன் சமையலறை மேசையில் அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உனக்கு என்னம்மா வியாதி, இதைத் திங்கிறே?”

“எனக்கு இது போதும்.”

“டாக்டர்கிட்ட போலாமா?”

“போலீஸ்கிட்டதான் போகணும்” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

“உங்கப்பாவை நான்தாண்டா கொன்னேன்.”

“என்னம்மா உளர்றே?”

“நீ பன்னு வாங்கிட்டு வந்தப்ப உன்னைக் கொலைகாரனைத் திட்டுற மாதிரி திட்டினேன். கடைசியில நானே செஞ்சேன்.” ரொட்டித் துணுக்கை விரலால் உருட்டிக்கொண்டே பேசினாள். “அதுக்கப்புறம் ஒருநாள் நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டீங்க. உன் ரொட்டியை அடுப்புல இருந்து எடுத்து வச்சேன். வாசனை அந்த ரூம் வரைக்கும் போயிருக்கு. கூப்பிட்டாரு. ‘அவன் ரொட்டியில ஒரு துண்டு குடேன்’னாரு. சின்னப்புள்ள மாதிரி கேட்டாருடா. என்னவோ தெரியல, என் கை அறுத்துடுச்சு. கொண்டுபோய்க் குடுத்தேன். எவ்வளவு நேரம் மென்னாருங்கறே! கண்ணுல தண்ணி. அந்த வாரமே போயிட்டாரு.”

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“இத்தனை வருஷம் காப்பாத்தினதை ஒரு துண்டுல கெடுத்துட்டேன்” என்றாள். “வர்றவங்கல்லாம் என்னைப் புகழ்றாங்க. எனக்கு அப்படியே செத்துடலாம் போல இருக்கு.”

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மனுஷனே இல்லை.

“அம்மா, அதுனால இல்லம்மா. உப்பு குடுக்கலாம்னு டாக்டரே சொன்னாங்க. என்ன கேட்டாலும் குடுக்கச் சொன்னாங்க. இனி எதுவும் செய்றதுக்கில்லன்னு… ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல. நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்.”

அம்மாவின் முகம் முதலில் இளகியது. சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு நொடி அவன்கூட நம்பிவிட்டான். பிறகு அவள் விரல் ரொட்டியை உருட்டுவதை நிறுத்தியது.

“அப்போ நான் குடுத்தது தப்பில்ல.”

“தப்பே இல்லம்மா.”

“அன்னைக்கு அதைத் தின்னுட்டு, இன்னொரு துண்டு கேட்டாருடா” என்றாள். “கையை நீட்டிக்கிட்டே இருந்தாரு. நான் தட்டைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன். குடுத்திருக்கலாமா?”

அவன் மேசை மேல் சிதறிய துணுக்குகளை ஒன்றாகக் கூட்டினான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. அவனுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தவள் போல் மறுபடியும் மெதுவாகக் கேட்டாள்.

“சொல்லுடா. குடுத்திருக்கலாம்ல?”

“குடுத்திருக்கலாம்மா” என்றான்.