யனுஷன் நடந்த பாதை

தவமலரால் சிட்னிக்குப் போக முடியவில்லை. சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிறவள். அவ்வளவு நீண்ட பயணம் என்றதும் டொக்டர் கையை விரித்துவிட்டார். கணவன் கிருஷ்ணராசா தனியே போனார்.

சிட்னியில் இருந்த ஒரே மகன் யனுஷனைக் கடலலை இழுத்துப் போயிருந்தது. உடலை லண்டனுக்குக் கொண்டுவரலாம் என்றுதான் முதலில் இருந்தார்கள். ஆனால் அது சில நாள் கழித்துக் கரையொதுங்கிய உடல். “மலர், நீர் பாக்க வேண்டாம்” என்று மட்டும் அவர் போனில் சொன்னார். அவள் மேலே கேட்கவில்லை. அங்கேயே தகனம் நடந்தது. அவள் அழவுமில்லை. லண்டன் நோர்பரியில் அவர்கள் வீட்டுக்கு வந்துபோன சனமெல்லாம் அதைத்தான் தங்களுக்குள் கதைத்தார்கள்.

அவள் கணவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போதெல்லாம் யனுஷன் ஓரிடத்தைப் பற்றிச் சொல்வான். காட்டுக்குள் ஒரு பெரிய பாறை. அதன் கீழே, அந்த மண்ணின் ஆதிக்குடிகள் ஒரு காலத்தில் தங்கிய ஒதுக்கிடம். “சின்ன நடைதான் அம்மா. ஏத்தம் இறக்கம் ஒண்டுமில்லை. நீங்களே செருப்போடை நடந்திடுவியள்” என்பான்.

“கொஞ்சச் சாம்பலை அங்கை விட்டிட்டு வாங்கோ. பிள்ளைக்குப் பிடிச்ச இடம்” என்றாள் தவமலர்.

அன்று காலை, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் குசினி மேசையில் தேயிலைப் பேணியோடு போனைச் சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்னியில் அப்போது பின்னேரம். யனுஷனோடு ஒரே வீட்டில் இருந்த கிருசாந்தன் வீடியோவில் காட்டியபடி போனைப் பிடித்துக்கொண்டு வந்தான். பட்டை உரிந்த வெள்ளை மரங்கள். அவற்றுக்கிடையே மணல் பாதை. முன்னால் கிருஷ்ணராசா சாம்பல் பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தார். அவரோடு ஷெரில் என்ற பெண்ணும் போனாள். ஆட்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டுவது அவளுடைய வேலை. அந்த இடமும் அவளுடைய சனத்தினுடையதுதான்.

பாறை தெரிந்ததும் ஷெரில் நின்றாள். இதற்கு மேல் படம் வேண்டாம் என்றாள். கிருசாந்தன் போனைக் கீழே சரித்தான். தவமலருக்குக் கணவனின் சப்பாத்தும் கொஞ்ச மணலும்தான் தெரிந்தன.

கிருஷ்ணராசா சாம்பல் விசயத்தைத் தட்டித்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு ஷெரிலின் குரல் கேட்டது. “மன்னியுங்கள். இங்கே இருப்பவர்கள் எங்களுடைய முன்னோர். என்னால் இதற்குச் சம்மதிக்க முடியாது.”

“ஒரு பிடி சாம்பலப்பா! அவ்வளவு பெரிய காட்டிலை என்ரை பிள்ளைக்கு ஒரு பிடி இடமில்லையோ?” தவமலர் போனைப் பார்த்துக் கத்தினாள்.

“யார் அது?” என்று கேட்டாள் ஷெரில்.

“பிள்ளையின்ரை தாய். லண்டனிலை இருக்கிறா. அவவாலை வர ஏலாது” என்றார் கிருஷ்ணராசா.

ஷெரில் போனுக்குக் கிட்ட வந்தாள். “அம்மா, உங்கள் மகன் இங்கே தனியாக இருக்க வேண்டாம். உங்களிடம் வரட்டும்” என்றாள் மெதுவாக.

ஊரில் அவர்களுடைய சுடலைக்குள் ஆமி காம்ப் போட்டபோது யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. தவமலருக்கு அது நினைவு வந்தது. அந்தப் பெண் சொல்வது நியாயம் என்றும் விளங்கியது. விளங்கி என்ன, நெஞ்சு ஆறவில்லை.

“இஞ்சேருங்கோ” என்று கணவனைக் கூப்பிட்டாள். “நான் பாக்கக்கூடாதெண்டால், நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.”

கிருஷ்ணராசா அதிகம் கதைக்காத மனிசன். சப்பாத்து நகர்ந்து பாறைக்குக் கீழே போனது.

“கையள் இருக்கு, மலர். கல்லிலை கையை வைச்சு, அதுக்கு மேலை வாயாலை காவிக் கரைசலை ஊதியிருக்கினம். கைபட்ட இடம் மட்டும் வெறுமையாய் இருக்கு.”

“பிறகு?”

“பெரிய கையள். கீழை... ஒரு சின்னக் கை. மூண்டு வயசுப் பிள்ளையின்ரை அளவு.” அவர் நிறுத்தினார். “ஆரோ பிடிச்சு வைச்சிருக்க வேணும். அந்த வயசிலை பிள்ளை தானா வைச்சுக்கொண்டு நிக்காது, மலர்...”

அவருடைய குரல் உடைந்தது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. தவமலர் மேசையில் தலையைப் போட்டு, வாய்விட்டு அழுதாள். உலகத்தின் இரண்டு கோடியிலும் இருந்து இருவரும் அழ, கிருசாந்தன் போனைக் கையில் ஏந்தியபடியே நின்றான். வாசலில் ஆஸ்பத்திரி வாகனக்காரன் மணியடித்தான். ஓய்ந்து, மறுபடியும் அடித்தான்.

அந்தக் கிழமையே கிருஷ்ணராசா திரும்பி வந்தார். விமானநிலையத்தில் அவள் கையை நீட்டினாள். அவர் பையைக் கொடுத்தார். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியன்று ஐயர் காட்டிய ஆற்றில், ஊசி ஏற்றித் தடித்துப்போன கையாலேயே அவள் சாம்பலைக் கரைத்தாள். அவள் விழுந்துவிடாமல் கிருஷ்ணராசா இடுப்பில் பிடித்துக்கொண்டார். கடைசிப் பிடியை மட்டும் அவள் விடவில்லை. “மலர், விடும்” என்றார் அவர். “விடுறன்” என்றாள். ஆனால் வெகுநேரம் அப்படியே தண்ணீருக்குள் கையைப் பொத்திக்கொண்டிருந்தாள்.