கைருன்னிஸாவின் பின்னால் வந்த கடல்

சுனாமிக்குப் பிறகு ஐந்து வருடங்களாகக் கடல் கைருன்னிஸாவின் பின்னால் திரிந்தது. முழுக் கடலும் அல்ல. ஒரு பாய் அகலம், கணுக்கால் ஆழம், விளிம்பில் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். அவள் கல்முனைச் சந்தைக்கு நடந்தால் அதுவும் நடந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருந்தால் வாங்குப் பலகையின் கீழே சுருண்டு கிடந்தது. புடவைக் கடைக்காரர்கள் அவளைக் கண்டதும் கீழ்த்தட்டுத் துணிகளை மேலே தூக்கி வைத்தார்கள். மற்றபடி யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அதற்கு வாகனம் ஏறத் தெரியாது. அவள் பஸ் ஏறினால் ஏறிய இடத்திலேயே படுத்துக் கிடந்து, திரும்பி வந்து இறங்கியதும் காலைச் சுற்றும்.

அந்தக் கடலோடு அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மூத்த சகோதரி றாஹிலா ராத்தாவை அவள் கையிலிருந்துதான் அது பறித்துக்கொண்டு போனது. "ஒருக்கா வாய் திறந்து ஏசிப் போடு புள்ள, ரோசம் வந்து போயிரும்" என்று பக்கத்து வீட்டு சரீபா பலமுறை சொல்லிப் பார்த்தாள். "அதோட எனக்கென்ன கதை?" என்று கைருன்னிஸா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். கடலும் பின்னால் போகும்.

மேற்கே சாகாமத்துக்கு அப்பால், காடு தொடங்கும் இடத்தில், வாப்பா இரண்டு மகள்மாருக்கும் சேர்த்து எழுதி வைத்த வயல் ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் அங்கே யாரும் போகவில்லை. வயல் பற்றையாகி, பற்றை காடாகியது. யுத்தம் முடிந்த வருடமே கைருன்னிஸாவின் கணவர் அப்துல் ஹமீட் காட்டை வெட்டி, மேட்டில் காவல் குடிசையாக ஒரு வாடி கட்டி, பெரும்போகம் விதைத்தார். மாசியில் கதிர் சாய்ந்து நின்றது. அறுவடைக்கு முந்திய சனி ஞாயிறு மகள் றுஸ்னாவையும் கூட்டிக்கொண்டு வாடியில் போய்த் தங்க வேண்டும் என்று கைருன்னிஸா பிடிவாதமாக நின்றாள். "ராத்தாட பங்கையும் நான்தானே பார்க்கோணும்" என்றாள். ஹமீட் சம்மதித்தார்.

ஆனால் அடுத்த வயல்காரர் கனகரெத்தினத்துக்குப் பயம் இருந்தது. அவருக்கும் அது யுத்தத்துக்குப் பிந்திய முதல் விளைச்சல். "தம்பி, தங்கச்சி வரட்டும், எனக்குச் சந்தோசம்" என்றார் அவர். "அவவுக்குப் பின்னால வாற ஆள் மட்டும் வரக் கூடாது. உப்புத் தண்ணி ஒருக்கா இறங்கினா என்ட பிள்ளைகளுட காலத்திலயும் இஞ்ச புல்லு முளைக்காது." ஹமீட் வாக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு என்ன, அதற்குத்தான் வாகனம் ஏறத் தெரியாதே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய், சட்டி பானை, அரிக்கன் லாம்பு, ஆனை விரட்டும் வெடிப் பெட்டி எல்லாம் ஏறின. கூடவே ஓர் உமல், ஓலைப் பை, நிறையக் கட்டா மீன் கருவாடும் ஏறியது. கரையூரார் மேற்கே போகும்போது வெறுங்கையோடு போவதில்லை; வயல்காரர் வீட்டுக்குக் கருவாடு கொடுக்காமல் திரும்பினால் அது பெரிய மானக்கேடு. கடல், தெருமுனையில், ஒழுங்கை முகப்பில் நின்று அவர்கள் சாமான் ஏற்றுவதைப் பார்த்தது. வழக்கமாக நுரையைக் கக்கி முரண்டு பிடிக்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. "உம்மா, அது சிரிக்கிற மாதிரி இரிக்கி" என்றாள் றுஸ்னா. யாரும் கவனிக்கவில்லை.

கைருன்னிஸா வெள்ளி மாலையும் சனி பகலும் உலர்ந்த கால்களோடு வரம்பு வரம்பாக நடந்தாள். றாஹிலாவின் பங்கில் நின்று ஒரு கதிரைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். சனி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கனகரெத்தினமும் மனைவி அன்னப்பிள்ளையும் பலாப்பழத்தோடு வாடிக்கு வந்தார்கள். கைருன்னிஸா ஆனை வெடிப் பெட்டியின் மேல் இருந்த உமலை எடுத்து அவிழ்த்தாள். முதல் கருவாட்டின் செவுளிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நுரை வந்தது. பிறகு, நெடுநேரம் முடங்கிக் கிடந்தவன் சோம்பல் முறிப்பதுபோல, கருவாட்டு உப்புக்குள் ஒளிந்து வந்த கடல் முழுவதுமாக வெளியே இறங்கி வாடித் தரையில் விரிந்தது.

"நான் அப்பவே சொன்னன்!" என்று கனகரெத்தினம் தலையில் கை வைத்தார்.

"கடலைக் கருவாட்டுக்குள்ள வச்சுக் கட்டின பொம்பிளைய இண்டைக்குத்தான் காணுறன்" என்றாள் அன்னப்பிள்ளை.

"எனக்கெண்டாத் தெரியுமா அக்கா?" என்று கைருன்னிஸா கட்டிலில் ஏறிக் காலை மடித்துக் கொண்டாள். அவள் நகர்ந்தால்தான் அது நகரும். வயல் பக்கம் ஓர் அடி வைத்தாலும் இரண்டு குடும்பங்களின் விளைச்சலும் உப்பாகிவிடும். லேண்ட்மாஸ்டரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, கால் நிலத்தில் படாமல் அவளை ஏற்றிவிடலாமா என்று ஆண்கள் யோசித்துக் கொண்டிருந்தபோது காட்டுக்குள் மரம் முறிந்தது.

வயலில் நின்று ஆனை என்ற பேரைச் சொல்லக் கூடாது. "பெரியாக்கள் வாறாங்க" என்று மட்டும் சொன்னார் கனகரெத்தினம். மஃரிபுத் தொழுகை நேரத்துச் செக்கல் இருட்டில் ஒரு கூட்டம் குட்டிகளோடு வந்து, விளைந்த நெல்லின் விளிம்பில் நின்றது. ஹமீட் வெடிப் பெட்டியைத் திறந்தார். கடல் அதற்குள்ளும் போயிருந்தது. திரி ஒவ்வொன்றும் உஸ் என்று அணைந்தது. முதல் தும்பிக்கை றாஹிலாவின் பங்கில் நீண்டு ஒரு பிடி கதிரைச் சுழற்றியது.

கைருன்னிஸா கட்டிலை விட்டு இறங்கினாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகத் திரும்பி, கடலை நேருக்கு நேர் பார்த்தாள்.

"வா" என்றாள். "அஞ்சு வருசமா சும்மாதானே பின்னால வந்த. இண்டைக்கு எனக்கொரு வேலை செய்."

ஒரு சொல்லுக்காகத்தான் அது அவ்வளவு காலமும் காத்துக் கிடந்ததோ என்னவோ, கேட்டதும் எழுந்து நின்றது. முதலில் ஆளுயரம், பிறகு கூரை உயரம், பிறகு தென்னை உயரம். அவள் வயலுக்கு முதுகு காட்டி, காட்டுப் பாதையில் இறங்கி நடந்தாள். மேற்கில் திரியும் ஆனைகளுக்கு உப்புக் கிடைப்பது அரிது. வாடிச் சுவரை உடைப்பதுகூட உள்ளேயிருக்கும் உப்புச் சட்டிக்காகத்தான். காற்றில் வாசனை பட்டதும் தும்பிக்கைகள் உயர்ந்தன. வாயிலிருந்த கதிரைக்கூடப் போட்டுவிட்டு ஆனைகள் திரும்பின. முன்னால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கைருன்னிஸா, அவளுக்குப் பின்னால் கடல், கடலுக்குப் பின்னால் காதை வீசியபடி ஆனைக் கூட்டம். கனகரெத்தினம் தோளில் கிடந்த துவாய்த் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கொண்டார். அப்படி ஒரு ஊர்வலத்தை அந்தப் பக்கம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

காட்டுக்குள் வற்றிப்போன மடு ஒன்று கிடந்தது. அதன் கரையில் அவள் நின்று கடலோடு நீண்ட நேரம் கதைத்தாள். பின்னாலேயே ஓடிப்போன றுஸ்னாவுக்கு இவ்வளவுதான் கேட்டது: "ராத்தாவைத் தா எண்டு கேக்க மாட்டன். உன்னால ஏலாது. இஞ்சயே இரி. இதுகளுக்கு உப்புக் குடு. எங்கட வயல்ல இனி ஒரு கதிர் குறையக் கூடாது." கடல் ஒருமுறை அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு மடுவுக்குள் இறங்கி, விளிம்புவரை நிறைந்தது. ஆனைகள் முன்னங்கால் மடித்துக் குடித்தன.

அவள் திரும்பி வந்தபோது காலடியில் புழுதிதான் எழும்பியது. ஹமீட் லாம்பைத் தூக்கி அவளுக்குப் பின்னால் பார்த்தார், ஒன்றும் இல்லை. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வெடி போட வேணாம், சோத்தைப் போடுங்க" என்றாள் கைருன்னிஸா.

ஞாயிறு பின்னேரம் ஒழுங்கையில் வந்து இறங்கியபோது சரீபா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "எங்க புள்ள உங்கட ஆள்?"

"சாகாமத்துல வேலைக்கு விட்டிரிக்கன்" என்று சொல்லிவிட்டுக் கைருன்னிஸா வீட்டைக் கூட்டத் தொடங்கினாள்.

இரண்டு வயல்களிலும் அந்தப் போகம் களம் கொள்ளாமல் பொலிந்தது. றாஹிலாவின் பங்கு நெல்லில் அவள் பேரால் ஊருக்குக் கந்தூரிச் சோறு கொடுத்தார்கள்; கனகரெத்தினமும் அன்னப்பிள்ளையும் முன்வரிசையில் இருந்தார்கள். அந்தப் பக்கத்து வயல்களுக்கு அதன்பின் ஆனை வந்ததில்லை. மடுவில் பிடிக்கும் கீரிமீன், சூடை என்ற கடல் மீன்களைச் சாகாமத்தார் காட்டோரத்தில் குவித்து விற்கிறார்கள். கல்முனை விலையை விடச் சற்று மலிவு.

ஒவ்வொரு மாசியிலும் ஹமீட் குடும்பம் வாடியில் இரண்டு நாள் தங்குகிறது. கைருன்னிஸா தனியாக மடுவுக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு, ராத்தாவின் பங்கு எப்படி விளைந்தது என்று கடலுக்குச் சொல்கிறாள். எழுந்து போகும்போது, "இரி, வாறன்" என்கிறாள். அது இருக்கிறது.