மாம்பலம் போய்ச் சேராத பொட்டலம்

ரவுண்ட் ராக்கிலிருந்து ஆஸ்டினுக்குப் போகிற ஐ-35 சாலையில் காலை வேளையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். அந்தக் கூட்டத்தில் ஒரு பச்சைக் கேம்ரியும் தினமும் ஊர்ந்தது. ஓட்டுகிறவன் நூர் அகமது, கீழக்கரைக்காரன். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டு வருகிறவன் சுவாமிநாதன், மேற்கு மாம்பலத்துக்காரன். இருவருக்கும் ஒரே அலுவலகம். குடியிருப்பிலும் எதிரெதிர் வீடு.

சுவாமிநாதன் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்காணலுக்கு நூறு கேள்விகளைப் படித்துக்கொண்டு போக வேண்டும். அதிகாரி அதிலிருந்து சிலவற்றைக் கேட்பார். மனப்பாடம் என்று வந்துவிட்டால் நம் ஆட்களைக் கேட்கவா வேண்டும்! அரசின் மூன்று கிளைகள் எவை, மத்திய அரசின் அதிகாரம் எது, மாநிலத்தின் அதிகாரம் எது என்று எதைக் கேட்டாலும் சுவாமிநாதன் மூச்சு விடாமல் சொன்னான். கேள்வி கேட்கிற வேலை நூருக்கு. அவனே இன்னும் ஹெச்-ஒன் என்கிற வேலை விசாவில்தான் இருந்தான், கிரீன் கார்டு வரவில்லை. ஆனாலும் நண்பனுக்காகத் தினமும் கேட்டான்.

"கான்ஸ்டிட்யூஷன்ல சொல்லியிருக்கற ரைட்ஸ் எல்லாம் யாருக்கு?" என்பான் நூர்.

"எல்லாருக்கும். சிட்டிசனுக்கும், சிட்டிசன் இல்லாம இங்க வாழறவங்களுக்கும்."

"அப்போ எனக்கும் இருக்குல்ல சாமி?"

ஹெச்-ஒன்காரனுக்கு மட்டும் கிடையாதென்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான் என்று சுவாமிநாதன் கிண்டல் செய்வான். இருவரும் சிரிப்பார்கள். அந்த ஒரு கேள்வி மட்டும் தினமும் தவறாமல் வரும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு காரில் சிரிப்புக் குறைந்தது. சுவாமிநாதன் கடைக்குப் போய்க் காரில் ஒட்டுகிற அமெரிக்கக் கொடிகள் இரண்டு வாங்கிவந்து, ஒன்றை நூரின் கேம்ரியில் தானே ஒட்டினான். நல்ல மனசோடுதான் ஒட்டினான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கொடி ஒட்டிவிட்டால் போதும், ஒருவனும் ஒன்றும் கேட்கமாட்டான் என்று உண்மையிலேயே நம்பினான்.

அக்டோபர் கடைசியில் கீழக்கரையிலிருந்து போன் வந்தது. நூரின் வாப்பாவுக்கு மாரடைப்பு. மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், மகனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நூர் மறுநாளைக்கே டிக்கெட் எடுத்தான். மனைவி ரசியா பேகம் கைக்குழந்தையோடு இங்கேயே இருப்பதென்று முடிவாயிற்று.

ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் நம் ஆட்கள் சும்மா அனுப்புவார்களா? செத்த வீட்டுக்குப் போகிறவன் கையிலும் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "சின்னதுதான், வெயிட்டே இருக்காது" என்று சொல்கிற ஜாதி நாம். சுவாமிநாதனின் மனைவி ஜலஜா, மாமியாருக்காக ஒரு பி.பி. மெஷின் வாங்கி வைத்திருந்தாள். பெட்டியோடு போனால் சென்னைக் கஸ்டம்ஸில் வரி போடுவார்கள் என்று பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பேட்டரிகளைக் கழற்றி அலுமினியத் தாளில் சுற்றினாள். ரப்பர்க் குழாயையும் வயரையும் மெஷினையும் ஒரு பழைய துண்டில் வைத்து இறுக்கிச் சுருட்டி, பிரவுன் டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். இப்படிக் கட்டித்தானே நாம் எல்லாரும் வருஷக்கணக்காக அனுப்பிக்கொண்டிருந்தோம்! வாப்பாவின் நினைப்பில் இருந்த நூர், உள்ளே என்ன என்று மட்டும் கேட்டு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டான்.

விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையில் அந்தப் பொட்டலம் எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டேப், வயர், குழாய், தாளில் சுற்றிய பேட்டரி. கொண்டுபோகிறவன் பெயர் நூர் அகமது. யார் கொடுத்தது என்று கேட்டார்கள். எதிர்வீட்டு நண்பன் சுவாமிநாதன் கொடுத்தது, பி.பி. பார்க்கிற மெஷின் என்று அவன் உள்ளதைச் சொன்னான். அவனை உட்கார வைத்துவிட்டார்கள்; விமானம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் சுவாமிநாதன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கோட் போட்ட இருவர்; மத்திய அரசின் அதிகாரிகள் என்று அடையாள அட்டை காட்டினார்கள். மகள் மானஸா சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் உள்ளே விட வேண்டியதில்லை என்பது நூறு கேள்விக்குள் வருகிற சங்கதிதான். படித்த சுவாமிநாதன் கதவை விரியத் திறந்து, உள்ளே வாருங்கள், காபி சாப்பிடுகிறீர்களா என்று குழைந்தான்.

அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நூர் அகமதைத் தெரியுமா, அவனிடம் பொட்டலம் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஆமாம், நான்தான் கொடுத்தேன், என் அம்மாவுக்கு பி.பி. மெஷின். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மெஷின் வாங்கிய ரசீதுகூட ஜலஜாவின் கைப்பையில் கிடந்தது. ஆனால் சுவாமிநாதனின் கண்முன் வந்தது அவனுடைய நேர்காணல்.

"ஒரே கார்ல ஆபீஸ் போவோம், அவ்வளவுதான். ரொம்பப் பழக்கமில்ல. நான் எதுவும் குடுக்கலை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டான்.

காபித் தட்டோடு சமையலறை வாசலில் ஜலஜா நின்றாள். தட்டைப் பிடித்திருந்தது அந்த டேப்பைச் சுற்றிய கை. அவளும் வாயைத் திறக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

பி.பி. மெஷின் என்பது பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், விட்டுவிடுவார்கள் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். பிரித்துப் பார்த்ததும் தெரியத்தான் செய்தது. ஆனால் இப்போது மெஷினா பிரச்சினை? நண்பன் கொடுத்தான் என்று நூர் சொன்னது பொய் என்றாகிவிட்டதே! இந்தச் சின்ன விஷயத்தில் பொய் சொல்கிறவன் வேறு எதிலெல்லாம் பொய் சொல்வான் என்று தோண்ட ஆரம்பித்தார்கள். பள்ளிவாசலில் யார் யாரைத் தெரியும், ஊருக்கு ஏன் பணம் அனுப்பினாய் என்று கேள்வி நீண்டது. அவனை வேறு ஊரில் கொண்டுபோய் அடைத்தார்கள். எந்த ஊர் என்று ரசியாவுக்கு வெகுநாள் சொல்லவில்லை.

ரசியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க குடுத்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும். அவுக வாப்பா மொகத்தையாவது பாத்துடட்டும்."

சொல்கிறேன் என்று சுவாமிநாதன் தலையாட்டினான். அவள் போன பிறகு ஜலஜாதான் கேட்டாள்: "இப்போ போய் மாத்திச் சொன்னா, முதல்ல சொன்னது பொய்னு ஆகிடும்ல? ஃபெடரல் ஆபீசர்கிட்ட பொய் சொன்னா அதுவே கிரைம். சிட்டிசன்ஷிப் போயிடும். மானஸாவ நெனச்சுப் பாருங்க." அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் செய்கிற கெடுதல் கெட்டவர்கள் செய்வதற்குக் குறைந்ததில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இருந்தாலும் மனசு உறுத்தியது. ஒரு மத்தியானம் சுவாமிநாதன் ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குப் போனான். அங்கே போனால் அவ்வளவு பயமில்லை, பூங்காவில் பார்த்துத் தலையசைக்கிற மனிதர்கள். முகப்பிலிருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது மத்திய அரசின் விஷயம், எங்கள் அதிகாரத்தில் வராது, இந்த எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். எது மத்தியம், எது மாநிலம், எது ஊர்ப் போலீஸின் வேலை என்பது சுவாமிநாதனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனான். போய்ப் பார்த்தேன், அவர்கள் முடியாதென்றார்கள் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்த எண்ணை பர்ஸில் மடித்து வைத்தான். கூப்பிடவில்லை.

நவம்பரில் தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி விழா. சாப்பாட்டு வரிசையில் நூரைப் பற்றித்தான் பேச்சு. ஏதாவது இருக்கும், ஒன்றுமில்லாமலா பிடிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். இனிமேல் பார்த்துத்தான் பொட்டலம் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அவனோடு தினமும் காரில் போனவன் என்று சுவாமிநாதனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவன் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தான், பாவி.

நோன்பு மாதத்தில் வாப்பா போய்விட்டார். மய்யித்தை அடக்கம் செய்து பல நாள் கழித்துத்தான் நூருக்குச் சேதி போயிற்று. டிசம்பர் கடைசியில் அவனை வெளியே விட்டார்கள். குற்றம் எதுவும் சாட்டவில்லை. ஆனால் அலுவலகம் அவனை எப்போதோ நீக்கிவிட்டிருந்தது. வேலை போனதால் விசாவும் போயிற்று. கேம்ரியை வந்த விலைக்கு விற்றார்கள். புதுச் சொந்தக்காரன் ஓட்டிக்கொண்டு போனபோது அந்தக் கொடி இன்னும் பின்கண்ணாடியில் இருந்தது.

புறப்படுகிற அன்று ரசியா வந்தாள். பிரிக்கப்பட்ட பி.பி. மெஷினை, அதே பழைய துண்டோடு, மேஜைமேல் வைத்தாள்.

"திருப்பிக் குடுத்துட்டாங்க. வேற யாராவது ஊருக்குப் போனா உங்க அம்மாவுக்கு அனுப்பிடுங்க, அண்ணா."

ஜலஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நூர் கீழே டாக்சியில் உட்கார்ந்திருந்தான். அவன் மேலே வரவில்லை. சுவாமிநாதனும் கீழே இறங்கவில்லை.

பிப்ரவரியில் நேர்காணல். சான் அந்தோனியோவுக்கு அதே ஐ-35 சாலையில்தான் போக வேண்டும். சுவாமிநாதன் தனியாக ஓட்டினான். கேள்வி கேட்க ஆளில்லை. அதிகாரி ஒரு வயதான பெண்மணி, சிரித்த முகம். ஒவ்வொன்றாகக் கேட்டாள், இவன் சொன்னான். பிறகு அதைக் கேட்டாள். அரசியல் சட்டம் தருகிற உரிமைகள் யாருக்கு?

நூறு தடவை சொன்ன விடைதான்; அவன் பழக்கத்தில் நூர் உட்காருகிற பக்கம் திரும்பினான். மறந்துவிட்டதோ என்று நினைத்து அவளே மெல்லத் திரும்பவும் கேட்டாள்.

"எல்லாருக்கும்" என்றான். "குடிமகனுக்கும், குடிமகன் இல்லாமல் இங்கே வாழ்கிறவருக்கும்."

சரி என்று குறித்துக்கொண்டு, வழக்கமான ஆம்-இல்லைக் கேள்விகளுக்கு வந்தாள். பிடிபடாத குற்றம் ஏதாவது எப்போதாவது செய்திருக்கிறீர்களா? எல்லாரும் யோசிக்காமல் இல்லை என்பார்கள், அவளும் இல்லை என்றே குறிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள். அவன் "ஆம்" என்றான். ஓர் அப்பாவி மேல் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்து, பெட்டியைக் குப்பையில் போட்டதிலிருந்து டாக்சி போனது வரை சொன்னான். அழுதுகொண்டே சொன்னான். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, இதை மேலே அனுப்ப வேண்டியிருக்கும், உங்கள் விண்ணப்பம் நிற்கும் என்றாள். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொல்லிவிட்டு அவன் குடியுரிமை இல்லாமல் வீடு திரும்பினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு வாங்கிக் கீழக்கரைக்குப் போன் செய்தான். நூர் எடுத்தான். குரலைத் தெரிந்துகொண்டான். பிறகு, "அம்மாவுக்கு பி.பி. எப்படி இருக்கு?" என்று கேட்டான். சுவாமிநாதன் அதை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினான். நேர்காணலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இனி உன் பெயர் சுத்தமாகிவிடும், திரும்ப விசா கிடைத்தாலும் கிடைக்கும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். மன்னித்துவிடு என்றும் சொன்னான்.

"அந்தக் கேள்வியக் கேட்டாங்களா?" என்றான் நூர்.

"கேட்டாங்க. எல்லாருக்கும்னு சொன்னேன்."

"அது பேப்பர்ல இருக்கற விடை, சாமி. அத நம்பித்தான் நானும் உள்ளதச் சொன்னேன். சட்டம் தானா நடந்து வராது. யாராவது ஒருத்தன் வாயத் தொறந்து அதக் கூட்டிட்டு வரணும். அவங்க உன் கதவத் தட்டின அன்னிக்கு நீ என்ன சொன்னியோ, அவ்வளவுதான் எனக்கு இருந்த உரிமை. எங்க வாப்பா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாராம்."